கேஷும் காசும் ஒண்ணா?

கேள்வி: இங்கிலீஷ்ல கேஷ்னு சொல்றது நம்ம காசுல இருந்து போனதுதான்னு ஃபேமிலி குரூப்ல ஒரே பெருமையா ஃபார்வர்ட் வருது சார், நெசமா?

பதில்: பாதிதான் நெசம். இங்கிலீஷ்ல கேஷ்னு ரெண்டு வார்த்தை இருக்கு, ஸ்பெல்லிங் ஒண்ணு, பொறப்பு வேற வேற. கடையில கேஷா கார்டான்னு கேக்குறாங்களே, அந்த கேஷ் லத்தீன் காப்ஸால ஆரம்பிச்சு இத்தாலி, பிரெஞ்சு வழியா 16ஆம் நூற்றாண்டு கடைசில இங்கிலாந்து போய்ச் சேந்தது, காப்ஸான்னா பெட்டி. முதல்ல பணப்பெட்டிக்குத்தான் கேஷ்னு பேரு, அப்புறம் உள்ள இருக்குற பணத்துக்கே அந்தப் பேரு ஒட்டிக்கிச்சு, நாமளும் இன்னைக்கு கல்லா எவ்ளோன்னு கேட்டா பெட்டியவா கேக்குறோம்?

ரெண்டாவது கேஷ்தான் நம்மளோடது. தஞ்சாவூர் பெரிய கோயில் கல்வெட்டுலயே இருக்குற காசு, போர்ச்சுகீசியர் வாயில கைஷான்னு மாறி, அங்கருந்து இங்கிலீஷுக்குப் போச்சு. குழப்பமே இங்கதான், ஏன்னா அவங்க பாஷைல பெட்டிக்கும் கைஷாதான், அது அந்த லத்தீன் காப்ஸாவோட வாரிசு! ஆனா இந்த கேஷுக்கு அர்த்தம் பொதுவா பணம் இல்ல, சின்ன நாணயம். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் மெட்ராஸ்ல 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன்னு கணக்கு வச்சிருந்தான் (பணம், வராகன் ரெண்டும் அப்போ நாணயத்தோட பேரு), 1818ல ரூபாய் வந்ததும் அது போச்சு. நடுவுல சதுர ஓட்டை போட்ட சீனாக்காரங்க செப்புக்காசையும் இங்கிலீஷ்காரங்க கேஷ்னுதான் எழுதுனாங்க, நம்ம வார்த்தை அவ்ளோ தூரம் போயிருக்கு! புதுக்கோட்டை சமஸ்தானத்துல ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்குல விஜயன்னு போட்டு அடிச்ச அம்மன் காசும் இங்கிலீஷ்காரங்க எழுத்துல அம்மன் கேஷ்தான். எனக்கு இதுவே பெரிய சந்தோஷம்ங்க, இதுக்கு மேல கடை கேஷையும் நம்மளோடதுன்னு ஃபார்வர்ட் பண்ணா டிக்‌ஷனரிய தொறந்து பாக்குறவன் உண்மையா இருக்குற பாதியையும் நம்ப மாட்டான்.

கேள்வி: அப்போ பேங்க்ல உக்காந்திருக்குற கேஷியர் எந்த கேஷ்?

பதில்: பெட்டி கேஷ்தான். ஆனா பழைய பிரிட்டிஷ் ராணுவ சேதில ஒரு ஆபீசர "கேஷியர் பண்ணிட்டாங்க"ன்னு வந்தா, பணம் எண்ற வேலைக்குப் போட்டாங்கன்னு நெனச்சுடாதீங்க, அவமானப்படுத்தி வேலைய விட்டுத் தூக்கிட்டாங்கன்னு அர்த்தம். அது மூணாவது வார்த்தை, டச்சுக்காரங்ககிட்ட இருந்து வந்தது, அவங்க எடுத்தது உடைக்கிறது ரத்து பண்றதுன்னு அர்த்தம் வர்ற ஒரு பிரெஞ்சு வார்த்தைல இருந்து, பெட்டிக்கும் காசுக்கும் அதுக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்ல.