மங்குஸ்தான் ஏன் கல்லாக இறுகுகிறது?

கே: குற்றால சீசனில் இரண்டு கிலோ மங்குஸ்தான் வாங்கினோம். ஃபிரிட்ஜில் வைத்து எடுத்தால் பாதிப் பழம் கல்லாக இறுகிவிட்டது. சில பழங்களில் மஞ்சள் பசை, ஒரே கசப்பு. எப்படிப் பார்த்து வாங்குவது?
- வாசகி, விருதுநகர்

ப: முதல் குற்றவாளி ஃபிரிட்ஜ். அதன் குளிரில் மங்குஸ்தான் தோல் இறுகிப்போகும். கூடையில் காற்றோட்டமாக வைத்து மூன்று, நான்கு நாளில் தின்று தீர்த்துவிடுங்கள். சில்லென்று வேண்டுமானால் சாப்பிட அரை மணி நேரம் முன்பு உள்ளே வைத்தால் போதும்.

வாங்கும்போது கட்டைவிரலால் மெல்ல அழுத்துங்கள். தோல் சற்றே அமுங்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் இறுகியிருந்தால் அங்கே அடிபட்டிருக்கிறது. அந்தப் பக்கத்துச் சுளை பழுப்பேறியிருக்கும். காம்படி இதழ்கள் பச்சையாக இருந்தால் புதுப்பழம். இளஞ்சிவப்புப் பழம் வீட்டிலேயே ஓரிரு நாளில் கருஞ்சிவப்பாகும். பச்சையாகப் பறித்த காய் ஒழுங்காகப் பழுக்காது.

மஞ்சள் பசை பழத்தின் சொந்தப் பால்தான். காய்ந்த மரத்துக்குத் திடீரென்று பெருமழை கிடைத்தால் காய் வேகமாக உப்பி, பால் குழாய்கள் உள்ளே வெடித்துவிடும். தோலில் ஒட்டிய துளியால் குற்றமில்லை. சுளையில் இறங்கியதுதான் கசக்கும், அந்தச் சுளையை ஒதுக்கிவிடுங்கள்.

பழத்தின் அடியில் பூப்போல ஒரு தழும்பு தெரியும். அதில் எத்தனை இதழோ, உள்ளே அத்தனை சுளை. ஆறு, ஏழு இதழ் உள்ளதாகப் பொறுக்குங்கள்; சிறு சுளைகளில் பெரும்பாலும் கொட்டை இருக்காது. கத்தியால் நடுவில் அரை சென்டிமீட்டர் ஆழத்துக்குச் சுற்றிக் கீறி, மேல்பாதியைத் திருகினால் கழன்று வரும். தோல் சாறு துணியில் பட்டால் கறை போகாது, ஜாக்கிரதை.

கே: மாலையில் பஜ்ஜி, வடைக்குப் பதில் பிள்ளைகளுக்கு ரம்புட்டான் தரலாமா? வயது எட்டு, இரண்டு.
- வாசகர், மேட்டுப்பாளையம்

ப: தாராளமாக. பெரியவனுக்கு ஆறு பழம் போதும்; எண்ணெய்ப் பலகாரத்தோடு ஒப்பிட்டால் கலோரி மிகக் குறைவு. ஆனால் சர்க்கரை உண்டு, கிண்ணம் கிண்ணமாக வேண்டாம். சின்னக் குழந்தைக்கு முழுச்சுளை கூடவே கூடாது. வழுக்கிக்கொண்டு தொண்டையை அடைத்துவிடும். கொட்டையை நீக்கி, சதையை நாலாக நறுக்கிக் கொடுங்கள். கொட்டையைப் பச்சையாக மெல்ல விடாதீர்கள்.

பறித்த பிறகு ரம்புட்டான் பழுக்காது. பச்சை கலந்ததை நம்பி வாங்க வேண்டாம். முடி கருகியிருந்தாலும் சுளை நன்றாக இருக்கலாம். புளித்த வாடை வந்தால் தூக்கி எறியுங்கள்.

கே: டயாலிசிஸ் செய்துகொள்ளும் அப்பாவுக்கு ஸ்டார் ஃப்ரூட் ஒரு துண்டு?
- வாசகி, சேலம்

ப: ஒரு துண்டும் கூடாது, ஜூஸும் கூடாது. அதிலுள்ள நரம்பு நச்சைச் சிறுநீரகம்தான் வெளியேற்ற வேண்டும். முடியாதபோது நிற்காத விக்கல், மனக்குழப்பம், வலிப்பு என்று போய் உயிருக்கே ஆபத்தாகும். ஏற்கெனவே சாப்பிட்டிருந்தால் அறிகுறிக்குக் காத்திராமல் டயாலிசிஸ் வசதியுள்ள மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.

கே: துரியன் சாப்பிட்டால் குழந்தை பிறக்கும் என்கிறார்களே?
- வாசகர், தென்காசி

ப: ஆதாரம் கிடையாது. அந்த நம்பிக்கைதான் விலையை ஏற்றுகிறது. ருசிக்காக வாங்குவதானால் ஒன்று: தோலோடு நிறுத்துத்தான் தருவார்கள், சுளை மூன்றில் ஒரு பங்கு தேறினாலே பெரிது.