எத்தனை இன்ஜின் இருந்தால் அதிகம்? மாடல் ரயில் சேகரிப்பு: கேள்வி பதில்

வாசகர்கள் புனைப்பெயரில் அனுப்பிய கேள்விகளை வந்த வரிசையிலேயே எடுத்துக்கொள்கிறேன். முப்பது வருடமாக ஹெச்ஓ ஸ்கேலில் (1:87, அதாவது நிஜ ரயிலில் 87-ல் ஒரு பங்கு அளவு) ஓட்டுகிறேன், நடுவில் சில வருடம் அதைவிடச் சின்ன 'என்' ஸ்கேல் பக்கமும் போய் வந்தேன். என்னிடம் இப்போது 64 இன்ஜின்கள். ஒரு காலத்தில் 140-க்கு மேல் இருந்தன. கொதிகலனில் நிஜ நீராவி ஏற்றி ஓட்டும் இன்ஜின்கள் பற்றியும், எது எவ்வளவு விலை போகும் என்றும் கேட்காதீர்கள். முதலாவது எனக்குத் தெரியாது, இரண்டாவதைச் சொன்னால் சண்டைதான் வரும்.

புதுத் தண்டவாளம்: ஐயா, என்னிடம் 9 இன்ஜின் இருக்கிறது. வீட்டில் இதுவே அதிகம் என்கிறார்கள். பொதுவாக எல்லோரிடமும் எத்தனை இருக்கும்?

பொதுவாக என்று ஒன்று கிடையாது. இரண்டு இன்ஜினை வைத்து இருபது வருடம் சந்தோஷமாக ஓட்டுபவரையும் பார்த்திருக்கிறேன், எண்ணவே பயப்படுபவரையும் பார்த்திருக்கிறேன். நான் எண்ணிக்கையை வைத்துப் பார்ப்பதில்லை, நேரத்தை வைத்துப் பார்ப்பேன். ஒரு இன்ஜினை வருடத்துக்கு ஒரு முறையாவது வெளியே எடுத்து, சக்கரம் துடைத்து, பத்து நிமிடம் முன்னால் பத்து நிமிடம் பின்னால் ஓட்டிப் பார்க்க வேண்டும். இதுதான் குறைந்தபட்சம், இதற்கும் குறைந்தால் அது இன்ஜின் இல்லை, இன்ஜின் போட்ட அட்டைப்பெட்டி. உங்கள் ஒன்பதுக்கும் சேர்த்து வருடத்துக்கு மூன்று மணி நேரம். வீட்டில் இந்தக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள். இடம் அடைக்கிறது என்பதுதான் அவர்கள் குறை என்றால் அதற்கு என்னிடம் பதில் இல்லை.

லூப் லைன்: எட்டு கோச்சு கொண்ட அதிவேக ரயில் செட், நடுவில் பிரிக்கவே முடியாது. இதை ஒன்று என்று எண்ணுவதா, எட்டு என்றா?

நல்ல கேள்வி, இதற்குப் பழைய நண்பர்கள் பேச்சுவார்த்தையை நிறுத்திய கதையெல்லாம் உண்டு. நான் இரண்டு கணக்கு வைத்திருக்கிறேன். பராமரிப்புக்கு மோட்டார் கணக்கு. அந்த மாதிரி செட்டில் பெரும்பாலும் மோட்டார் ஒன்றுதான் இருக்கும், ஆகவே ஒன்று. அலமாரிக்கு நீளக் கணக்கு. 26.4 மீட்டர் நீளமுள்ள கோச்சை 1:87-ல் சுருக்கினால் 30 சென்டிமீட்டர் வரும், எட்டு சேர்ந்தால் 2.4 மீட்டர். சேகரிப்பு பெருத்துவிட்டது என்று புலம்புகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு இன்ஜின் பிரச்சினையே இல்லை, பின்னால் இழுத்து வரும் கோச்சுகள்தான் பிரச்சினை. ஒரு இன்ஜின் வாங்கும்போது அதற்குப் பொருத்தமாக ஆறு கோச்சு வாங்கியே ஆக வேண்டும் என்று யாரும் கையை முறுக்குவதில்லை, ஆனாலும் வாங்குகிறோம். ஓடாத, மோட்டாரே இல்லாத டம்மி இன்ஜினை என் கணக்கில் கோச்சாகத்தான் சேர்ப்பேன்.

சின்னது போதும்: இடம் போதவில்லை, ஹெச்ஓவை விட்டு 'என்' ஸ்கேலுக்கு மாறலாமா?

கணக்குப்படி லாபம்தான். 1:87-லிருந்து 1:160-க்கு வந்தால் அதே கோச்சு 16.5 சென்டிமீட்டர். நீளம் பாதிக்கு மேல் இருந்தாலும் அகலமும் உயரமும் சேர்ந்து குறைவதால் அடைக்கும் இடம் ஆறில் ஒரு பங்குக்கு வந்துவிடும். ஆக, ஒரு அலமாரிக்கு ஆறு அலமாரிச் சரக்கு. நானும் இதே கணக்கைப் போட்டுத்தான் மாறினேன். முதல் வருட முடிவில் அலமாரியில் பாதி காலி என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்றாம் வருடம் இரண்டாவது அலமாரி வந்தது. காலி இடம் கண்ணை உறுத்தும், அவ்வளவுதான் விஷயம். அப்புறம் ஒன்று: 'என்' என்றால் எல்லா நாட்டுக்கும் ஒரே அளவு என்று நினைக்காதீர்கள். தண்டவாள அகலம் எல்லாவற்றுக்கும் 9 மில்லிமீட்டர்தான், ஆனால் பிரிட்டிஷ் மாடல்கள் 1:148, ஜப்பானின் சாதாரண ரயில்கள் 1:150, அவர்களுடைய அதிவேக ரயிலான ஷின்கான்சென் மட்டும் 1:160. பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் தெரியும்.

கடைசி வண்டி: என்னிடம் 15 இன்ஜின். அதிகமா?

15 × 20 நிமிடம். ஐந்து மணி நேரம். உங்களிடம் இருக்கிறதா?

தாத்தாவின் பேரன்: தாத்தா விட்டுப்போனது, ஏறக்குறைய 200 உருப்படி. பழைய மூன்று தண்டவாள மெர்க்லின் (ஜெர்மன் கம்பெனி). நேர்மின்சாரத்தில் (டிசி) ஓடும் என் இரண்டு தண்டவாள லேஅவுட்டில், அதாவது வீட்டில் போட்டிருக்கும் ரயில் பாதை அமைப்பில், ஓடுமா?

அப்படியே வைக்காதீர்கள், ஷார்ட் ஆகும். மெர்க்லின் முறையில் மின்சாரம் நடுவில் ஓடும் கம்பி அல்லது புள்ளிகள் வழியாக வந்து, இரண்டு பக்கத் தண்டவாளம் வழியாகவும் திரும்பும். ஆகவே இடது சக்கரத்தையும் வலது சக்கரத்தையும் அவர்கள் தனித்தனியாகப் பிரிப்பதில்லை. உங்கள் லேஅவுட்டில் அந்த இரண்டு சக்கரமும் பிளஸ்ஸையும் மைனஸையும் நேராக இணைத்துவிடும். கோச்சுகளும் அப்படித்தான், மல்ட்டிமீட்டரை வைத்து இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் நடுவே தொடர்பு இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். என் யோசனை, சக்கரம் மாற்றி மோட்டார் மாற்றி என்று போகாமல், அவர் வைத்திருந்த தண்டவாளத்திலேயே ஒரு சின்ன வட்டம் போட்டு ஓட்டுங்கள். முதல் முறை மின்சாரம் கொடுக்கும் முன் பழைய கிரீஸைத் துடைத்து எடுத்துவிட வேண்டும். அட்டைப்பெட்டிக்குள் மஞ்சளாகிப்போன ஸ்பாஞ்சு இருந்தால் இன்றே தூக்கிப் போடுங்கள். அந்த ஸ்பாஞ்சு நாள்பட நாள்பட பிசின் மாதிரி ஆகி பெயின்ட்டைப் பிடித்துக்கொள்ளும்.

சீல் உடையாதவர்: நான் 119 இன்ஜின் வைத்திருக்கிறேன், ஒன்றைக்கூடத் திறந்ததில்லை. 'இன்ஜின் போட்ட அட்டைப்பெட்டி' என்று கிண்டல் செய்கிறீர்கள். சேகரிப்பு என்றாலே பாதுகாப்பதுதானே? ஓட்டினால் தேயும், திறந்தால் மதிப்புக் குறையும்.

கிண்டல் இல்லை சார், எச்சரிக்கை. மூடிய பெட்டி பாதுகாக்கும் என்பதுதான் இந்தப் பொழுதுபோக்கில் இருக்கும் பெரிய மூடநம்பிக்கை. உள்ளே மூன்று வேலை நடந்துகொண்டே இருக்கும். கிரீஸ் மெழுகு மாதிரி இறுகும். சில ரகங்களில் அச்சில் இறுக்கிப் பொருத்திய பிளாஸ்டிக் பல்சக்கரம் ஓடாமலே கீறல் விடும். மூன்றாவதாக அந்த ஸ்பாஞ்சு.

இதற்கெல்லாம் மேலே ஜிங்க் பெஸ்ட். துத்தநாகக் கலவையை வார்க்கும்போது காரீயம் மாதிரி அசுத்தம் கொஞ்சம் கலந்துவிட்டால், உலோகம் உள்ளுக்குள்ளேயே அரித்து, உப்பி, வெடிப்பு விடும். ஈரப்பதம் இருந்தால் இன்னும் சீக்கிரம். என்னிடம் ஒரு டீசல் இன்ஜின் பதினோரு வருடம் அலமாரியில் இருந்தது. வெளியில் இருந்து பார்க்க நேற்று வாங்கியது போல. எடுத்துத் தண்டவாளத்தில் வைத்தால் நடுவில் முதுகு வளைந்து, இரண்டு முனைச் சக்கரங்கள் மட்டும்தான் தொடுகின்றன. பிளாஸ்டிக் மேல்கூடு கழலவே இல்லை, அடிச்சட்டம் உப்பி உள்ளே இறுகிவிட்டது. கொஞ்சம் பலம் கொடுத்தேன், சட்டம் பிஸ்கட் மாதிரி உடைந்தது. உள்ளே சாம்பல் நிறத்தில் மாவு மாதிரி இருந்தது.

சிவப்பு சிக்னல்: சீல் உடையாதவர் சொல்வதில் தப்பென்ன? அருங்காட்சியகத்தில் இருப்பதை யாரும் ஓட்டுவதில்லையே?

அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் வைத்து, வெப்பத்தையும் ஈரத்தையும் அளந்து, சம்பளத்துக்கு ஒருவர் தினமும் பார்க்கிறார். இவர் பார்த்ததே இல்லை என்கிறார். ஓட்டு என்று நான் வற்புறுத்தவில்லை, பார் என்கிறேன்.

டிகோடர் தம்பி: டிஜிட்டல் கட்டுப்பாட்டில் அதிகபட்சம் எத்தனை இன்ஜின் வைக்கலாம்? என் நண்பர் 127 என்கிறார்.

டிஜிட்டலில் ஒவ்வொரு இன்ஜினுக்குள்ளும் டிகோடர் என்ற சின்ன சிப் இருக்கும், கட்டளை போய்ச் சேர அதற்குக் கொடுக்கும் எண்தான் முகவரி. குறுகிய முகவரியில் 1 முதல் 127 வரை. நீண்ட முகவரி எடுத்தால் பெரும்பாலான கருவிகளில் 9999 வரை போகலாம். முகவரி தீர்ந்து யாரும் நின்றதில்லை. புது டிகோடர் எல்லாமே 3 என்ற முகவரியோடுதான் வரும், மாற்ற மறந்து இரண்டு புது இன்ஜினைத் தண்டவாளத்தில் வைத்தால் இரண்டும் சேர்ந்து கிளம்பும். நிஜமான வரம்பு கரண்ட். ஒரே நேரத்தில் தண்டவாளத்தில் நிற்கும் இன்ஜின்கள், அதிலும் சத்தம் போடும் டிகோடர்கள், நின்ற இடத்திலேயே கரண்ட் குடிக்கும். அலமாரியில் இருப்பவை எத்தனை என்பது கருவிக்குத் தெரியாது.

ஜங்ஷன்: 40 இன்ஜின் அதிகமா?

மேலே.

சீல் உடையாதவர்: மறுபடியும் வந்தேன். ஜிங்க் பெஸ்ட் ஓட்டும் இன்ஜினுக்கும் வரும்தானே? ஓட்டினால் நின்றுவிடுமா? உங்கள் வாதத்தில் ஓட்டை இருக்கிறது.

ஒத்துக்கொள்கிறேன். ஓட்டினாலும் வரும், வந்தால் மருந்து கிடையாது. வார்ப்பு நடந்த அன்றே விதி எழுதியாயிற்று. 1930-களில் செய்த வார்ப்புகளில் நொறுங்கியவையும் உண்டு, இன்றைக்கும் கல்லு மாதிரி இருப்பவையும் உண்டு. ஆனால் வருடா வருடம் கையில் எடுப்பவர் முதல் கீறலிலேயே பார்த்துவிடுவார். உள்ளிருக்கும் மோட்டார், விளக்கு, மேல்கூடு எல்லாவற்றையும் சட்டம் உப்புவதற்கு முன் கழற்றி எடுத்துவிடலாம், மாற்றுச் சட்டம் கிடைக்கிறதா என்று தேடலாம். நீங்கள் எப்போது பார்ப்பீர்கள்? விற்கும்போது வாங்குபவர் திறந்து காட்டுவார். 119 × 20 நிமிடம், ஏறக்குறைய 40 மணி நேரம், வாரத்துக்கு முக்கால் மணி. ஒன்றே ஒன்றைத் திறங்கள், மிகப் பழையதை.

பிளாட்பாரம் 5: உலகத்திலேயே பெரிய சேகரிப்பு யாருடையது?

வீட்டுச் சேகரிப்புகளை யார் எண்ணினார்கள்? லேஅவுட் என்றால் ஹாம்பர்க் நகரத்து மினியேச்சர் வுண்டர்லாண்ட். 2001-ல் திறந்தார்கள், ஹெச்ஓ, ஆயிரத்துக்கும் மேல் ரயில்கள். அங்கே பழுது பார்க்கவே தனிப் பட்டறை, தனி ஆட்கள். அதைப் பார்த்துவிட்டு வந்து ஆயிரம் வாங்க ஆசைப்படுகிறவர்களுக்கு அந்த ஆட்கள் கண்ணில் படுவதில்லை. பாடகர் ராட் ஸ்டூவர்ட் இருபது வருடத்துக்கு மேல் கட்டிய லேஅவுட்டை 2019-ல் வெளியே காட்டினார். அதில் எனக்குப் பிடித்தது ரயில்களின் எண்ணிக்கை இல்லை, கட்டிடங்களுக்கு அவர் ஏற்றியிருக்கும் அழுக்கும் புகைக்கரியும்.

நீராவி ரசிகன்: கொதிகலனில் தண்ணீர் எந்த அளவு...

முதல் பத்தி.

இரண்டாவது கோச்சு: வைத்திருப்பதை எழுதி வைக்க வேண்டுமா? எல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

எனக்கும் இருந்தது. பச்சை நிற இன்ஜின் ஒன்றைப் பல மாதம் தேடி வாங்கி, வீட்டுக்கு வந்து அலமாரியில் இடம் பார்த்தால், அதே இன்ஜின், மேலே எழுதிய அதே எண், ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. இரண்டு அட்டைப்பெட்டியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அன்றைக்குத்தான் பட்டியல் ஆரம்பித்தேன். தயாரிப்பாளர் எண், இன்ஜின் மேல் எழுதியிருக்கும் எண், டிகோடர் முகவரி, எந்தத் தட்டு, கடைசியாக எண்ணெய் விட்ட தேதி, ஒரு படம். உங்களுக்குப் பின் அதை எடுத்துப் பார்க்கப் போகிறவர்களுக்கு இது ஒன்றுதான் வழிகாட்டி, மேலே தாத்தாவின் பேரனைக் கேளுங்கள். எழுதும்போது எல்லாவற்றையும் எப்படியும் திறக்க வேண்டிவரும், அப்போதே ஸ்பாஞ்சையும் மாற்றிவிடுங்கள்.

பாயின்ட்ஸ்மேன்: குறைக்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன். எதை முதலில் விடுவது?

கடைசியாக எப்போது ஓட்டினீர்கள் என்று ஞாபகம் வராததை. நான் 140-லிருந்து இறங்கியபோது எல்லாவற்றையும் ஒரு தட்டில் அடுக்கினேன், ஓட்டியதை மட்டும் அடுத்த தட்டுக்கு மாற்றிக்கொண்டே வந்தேன். வருட முடிவில் பழைய தட்டில் இருந்தவற்றில் இரண்டைத் தவிர எல்லாம் போயின. அந்த இரண்டும் அப்பா வாங்கிக் கொடுத்தவை, ஓடாது, போகவும் போகாது. வெட்கப்பட ஒன்றுமில்லை. மாடல் ரயில் செய்யும் லயனல் நிறுவனத்திலேயே பங்கு வைத்திருந்த பாடகர் நீல் யங், தன் ரயில்களில் ஒரு பகுதியை 2017-ல் ஏலத்தில் விட்டார்.

கேட் கீப்பர்: 70 இருக்கிறது. அதிகமா சார்?

இனி இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. இருபதால் பெருக்குங்கள்.

சீல் உடையாதவர்: திறந்துவிட்டேன். 1987-ல் வாங்கியது. ஸ்பாஞ்சு இல்லை, உள்ளே வெறும் தாள்தான். வைத்து, கண்ட்ரோலரைக் கொஞ்சமாகத் திருப்பினேன். ஓடுகிறது. சத்தமே இல்லாமல். இப்போது என்ன சொல்கிறீர்கள்?

இந்த ஒன்றில் தோற்றேன், மனசார. ஆனால் உடனே நிறுத்துங்கள், வேகம் ஏற்றாதீர்கள். பழைய எண்ணெய் எங்கே இறுகியிருக்கிறது என்று வெளியில் இருந்து தெரியாது. ஒவ்வொரு அச்சு முனையிலும் ஊசி நுனியால் ஒரே ஒரு சொட்டு, பிளாஸ்டிக்கைத் தின்னாத எண்ணெயாகப் பார்த்து விடுங்கள். கால் மணி கழித்து மெதுவாகப் பத்து நிமிடம் முன்னால், பத்து நிமிடம் பின்னால். மோட்டார் இருக்கும் இடத்தில் கை வைத்துப் பாருங்கள், சூடு ஏறினால் நிறுத்துங்கள். அடுத்தது எந்த வருடத்து இன்ஜின்?