1934-இல் வந்த 'எவர்கிரீன்' என்ற பிரிட்டிஷ் படம், மேடையில் நடந்த இசை நாடகத்தின் அப்படியே நகலா?

இல்லை, நிறைய மாற்றியிருக்கிறார்கள். மூலம் 1930-இல் லண்டன் அடெல்ஃபி அரங்கில் தயாரிப்பாளர் சி. பி. காக்ரன் நடத்திய 'எவர் கிரீன்'. பாடல்கள் அமெரிக்க ஜோடி ரோட்ஜர்ஸ், ஹார்ட். நாயகி இரண்டிலும் ஜெஸ்ஸி மேத்யூஸ்தான்.

மேடைக் கதையின் கரு, ஓர் இளம்பெண் தன்னை அறுபது வயதிலும் இளமை மாறாத அதிசயமாகக் காட்டிக்கொள்வது. படத்தில் இதற்கு ஒரு காரணம் சேர்த்தார்கள்: பழைய காலத்து மேடை நட்சத்திரமான அம்மா, அவரைப் போலவே இருக்கும் மகள். அம்மாதான் திரும்பி வந்துவிட்டதாக மகளை வைத்து விளம்பரம் செய்கிறார்கள். இரண்டு வேடமும் ஜெஸ்ஸிக்கே. (நம்ம ஊர் இரட்டை வேடப் படம் பார்த்தவர்களுக்கு இது சுலபமாகப் பிடிபடும்!)

பாட்டுகளில் சிலவற்றை மட்டும் வைத்துக்கொண்டு, ஹாரி வுட்ஸ் என்ற பாடலாசிரியரைக் கொண்டு மற்றவற்றைப் புதிதாக எழுத வைத்தார்கள். அவருடைய 'ஓவர் மை ஷோல்டர்' கடைசிவரை ஜெஸ்ஸியின் அடையாளப் பாட்டாகவே நின்றுவிட்டது.

வித்தியாசம் நன்றாகத் தெரிவது 'டான்சிங் ஆன் த சீலிங்' பாட்டில். மேடையில் பெரிய சரவிளக்கைத் தலைகீழாகத் தரையில் நிறுத்தி, மேடையையே கூரையாக்கி ஆடினார்கள். படத்திலோ அந்த ஜாலமெல்லாம் கிடையாது. ஜெஸ்ஸி வீட்டுக்குள் தனியாக ஆடுகிறார், கேமரா கூடவே போகிறது. எனக்கு இதுதான் பிடிக்கிறது. இயக்குநர் விக்டர் சாவில்.