நாய் எலி விஷத்தைக் கடித்துவிட்டது, ஆனால் நன்றாகத்தான் இருக்கிறது: காத்திருக்கலாமா?

கேள்வி: வெளியூர் வந்திருக்கிறேன். நாயைத் தெரிந்த பெண் ஒருவரின் வீட்டில் விட்டிருக்கிறேன். நேற்று இரவு அலமாரிக்குப் பின்னால் கிடந்த எலி விஷக் கட்டியைக் கொஞ்சம் கடித்துவிட்டதாம். இன்று வழக்கம்போல் சாப்பிடுகிறது, ஓடியாடுகிறது. நான் திரும்ப 2 நாள் ஆகும். அதுவரை பொறுக்கலாமா?

பதில்: வேண்டாம். இன்றே மருத்துவரிடம் கொண்டுபோகச் சொல்லுங்கள், விஷத்தின் பாக்கெட்டோடு. பாக்கெட் இல்லையென்றால் மிச்சக் கட்டியாவது வேண்டும், கையுறை போட்டு எடுத்து.

எலி விஷம் எல்லாம் ஒன்றல்ல. புரோமடியோலோன், புரோடிஃபாகும் போன்றவை ரத்தம் உறையவிடாமல் செய்பவை. உறைவதற்கு வேண்டிய புரதங்களை உடல் புதிதாகத் தயாரிக்க வைட்டமின் கே தேவை. இந்த விஷங்கள் அந்த வைட்டமினைத்தான் முடக்குகின்றன. ஏற்கெனவே ரத்தத்தில் இருக்கும் புரதங்கள் தீரும்வரை நாய் ஜம்மென்று இருக்கும். பெரும்பாலும் 3 முதல் 5 நாளில்தான் உள்ளே கசிவு தொடங்கும். நீங்கள் ஊர் திரும்பும் நேரமும் ஏறக்குறைய அதுதான். வெளியே ரத்தம் தெரியவேண்டும் என்றும் இல்லை. சோர்வு, வெளுத்த ஈறு, இருமல், மூச்சிரைப்பு, திடீர் நொண்டல் என்றுகூட வரலாம்.

இந்த வகைக்கு வைட்டமின் கே1 நல்ல மாற்று மருந்து. சில வாரங்கள் கொடுக்க நேரும். நடுவில் நிறுத்தக் கூடாது. கடைசி வேளைக்கு 2, 3 நாள் கழித்து ரத்தம் உறையும் நேரத்தை மறுபடி சோதிப்பார்கள். துத்தநாக பாஸ்பைடு, புரோமெத்தலின் போன்ற வேறு வகை எலி விஷங்களுக்கு இந்த மருந்து உதவாது, மாற்று மருந்தும் கிடையாது. பாக்கெட்டைக் கேட்பது அதனால்தான்.

உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கவைக்கும் வைத்தியம் வேண்டவே வேண்டாம், உப்பே விஷமாகிவிடும். தின்ற சில மணி நேரத்துக்குள் என்றால் மருத்துவர் வாந்தி எடுக்கவைத்திருப்பார். அந்த நேரம் தாண்டிவிட்டது. மருத்துவர் சொல்லும்வரை ஓட்டம், குதியாட்டம் எதுவும் இல்லாமல் அமைதியாக வைத்திருக்கட்டும்.

நீங்களே மருத்துவமனைக்குப் போன் செய்து, சிகிச்சைக்குச் சம்மதம், செலவு உங்களுடையது என்று சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் அடுத்தவர் நாய்க்கு முடிவெடுக்க அந்தப் பெண் தயங்கியே நேரம் போய்விடும். அவர்மேல் கோபம் இருந்தால் இப்போது காட்டாதீர்கள். மறைக்காமல் சொன்னாரே, அதுவே பெரிய உதவி. அவர் வீட்டில் வேறு நாயோ பூனையோ இருந்தால் அதையும் கூடவே கொண்டுபோகச் சொல்லுங்கள். எது எவ்வளவு தின்றது என்று யார் பார்த்தார்கள்?