லண்டனில் செகண்ட் ஹேண்ட் விற்பனைகளில் நல்ல விண்டேஜ், டிசைனர் உடைகளை மலிவாகக் கண்டுபிடிப்பது எப்படி?

கேள்வி கேட்டவர், பெரிய பிராண்டுகளின் பெயர்களை மனத்தில் வைத்துக்கொண்டு பல சாரிட்டி கடைகளில் (மக்கள் தானமாகக் கொடுக்கும் பழைய பொருள்களை விற்றுத் தொண்டுக்குப் பணம் திரட்டும் கடைகள்) ஏறி இறங்கியதாகவும், கண்ணில் பட்டவை எல்லாம் புதிய உடையின் விலையை நெருங்கியே இருந்ததாகவும் எழுதியிருக்கிறார். அவர் பார்த்தது உண்மைதான். கடையின் பின்னறையில் துணிகளைப் பிரித்து விலைச்சீட்டு குத்துபவர் கையிலும் இன்று கைபேசி இருக்கிறது. உள்கழுத்தில் தெரிந்த பெயர் ஒன்று இருந்தால், அது இணையத்தில் என்ன விலைக்குப் போகிறது என்பதைப் பார்த்துவிட்டுத்தான் சீட்டை எழுதுகிறார். எனவே பெயரைத் தேடிப் போகிறவர், எல்லோரும் தேடுகிற ஒன்றையே தேடுகிறார். மலிவு இருப்பது வேறிடத்தில்: நூலிலும் நெசவிலும் தையலிலும் உயர்ந்ததாக இருந்தும், பெயரால் அடையாளம் காணப்படாமல் போன உடைகளில். பல ஆண்டுகளாக இந்நகரத்தில் இந்தத் தேடலில் ஈடுபட்டிருக்கும் நான் உறுதியாகச் சொல்லக்கூடியது இதுதான். கீழே எழுதியிருப்பவை எல்லாம் இதற்கான வழிமுறைகள்.

முதலில் சாரிட்டி கடை எப்படி நடக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. ஆக்ஸ்ஃபாம் என்ற தொண்டு நிறுவனம் 1940களின் இறுதியில் ஆக்ஸ்ஃபோர்டின் பிராட் தெருவில் தன் முதல் கடையைத் திறந்த காலத்திலிருந்து அடிப்படை முறை பெரிதாக மாறவில்லை: மக்கள் மூட்டையாகக் கொண்டுவந்து கொடுப்பதைப் பெரும்பாலும் தன்னார்வலர்களே பிரித்து, நீராவியால் சுருக்கம் நீக்கி, விலை குறித்து வெளியே தொங்கவிடுகிறார்கள். சில வாரங்களில் விற்காதவை இறக்கப்பட்டு வேறு கிளைக்கோ, எடைக்கு வாங்கும் பழந்துணி வியாபாரிக்கோ போய்விடும். ஆகையால் மாதத்திற்கு ஒருமுறை அரை நாள் செலவழிப்பதைவிட, வழியில் இருக்கும் ஒரு கடைக்குள் வாரத்தில் இரண்டு மூன்று முறை பத்து நிமிடம் நுழைந்து வெளிவருவது பலன் தரும். சனிக்கிழமை கூட்டத்தில் போவதைவிட வார நாளின் முற்பகலில் போவது மேல்.

எந்தப் பகுதிக்குப் போவது என்பதிலும் பலர் தவறாக எண்ணுகிறார்கள். பணக்காரப் பகுதியில் நல்ல உடை வரும் என்பது சரி. ஆனால் அங்கே கடையில் விலை குறிப்பவர்களுக்கும் அதன் மதிப்பு தெரியும். செல்சியாவின் ஓல்டு சர்ச் தெருவில் உள்ள பிரிட்டிஷ் ரெட் கிராஸ் கடை டிசைனர் உடைகளுக்குப் பெயர் பெற்றது. அங்கே அதிசய மலிவை எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் கண்ணாடிக் கதவு வைத்த பெரிய கடைகளில் தொடத் தயங்கும் உடைகளை அங்கே கையில் எடுத்து, உள்ளே திருப்பி, தையலைப் பார்க்க முடியும் என்பதற்காகவே நான் எல்லோரையும் ஒருமுறை போகச் சொல்வேன். வாங்குவதற்கு என் விருப்பம் சர்பிட்டன், பிராம்லி போன்ற புறநகர்கள். ஐம்பது ஆண்டுகள் ஒரே வீட்டில் வாழ்ந்த முதியவர்கள் சிறிய வீட்டிற்கு மாறும்போது, அல்லது அவர்கள் காலமானபின் பிள்ளைகள் அலமாரியைக் காலி செய்யும்போது வெளிவரும் உடைகள் அத்தகைய இடங்களில்தான் குவிகின்றன.

கடைக்குள் நுழைந்ததும் கண்ணால் தேடாதீர்கள், கையால் தேடுங்கள். தொங்கும் உடைகளின் வரிசையில் விரல்களை மெதுவாக ஓட்டிக்கொண்டே போனால், பாலியெஸ்டர்களுக்கு நடுவே கம்பளியும் பட்டும் லினனும் காஷ்மீர் ஆட்டுக் கம்பளியும் தாமாகவே தட்டுப்படும். பட்டுப்புடவையைத் தொட்டுத் தொட்டு வளர்ந்த நம்மவர்களுக்கு இதில் ஒரு பெரிய சாதகம் இருக்கிறது. அசல் பட்டு முதலில் சற்றுக் குளிர்ந்து, பிறகு உடனே கையின் வெப்பத்தை வாங்கிக்கொள்வதை நம் விரல்கள் ஏற்கெனவே அறியும். விரல் நின்ற இடத்தில் உடையை எடுத்து, பெயரைப் பார்ப்பதற்கு முன் உட்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். கோடும் கட்டமும் போட்ட துணியில், தையல் ஓரத்திலும் பையின் மேலும் கட்டங்கள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா? பொருத்த வேண்டுமானால் துணி அதிகம் செலவாகும். மலிவுத் தயாரிப்பாளர் அதைச் செய்ய மாட்டார். ஓரத்தில் பிரித்து விடுவதற்குத் துணி மிச்சம் விடப்பட்டிருக்கிறதா? உள்துணி கையால் தைக்கப்பட்டிருக்கிறதா? பொத்தான் துளையின் நூல் நெருக்கமாக இருக்கிறதா? இவை எல்லாவற்றுக்கும் ஆம் என்று விடை வந்தால், உள்கழுத்தில் பெயரே இல்லாவிட்டாலும் அது நல்ல உடை. முற்காலத்தில் ஊர்த் தையல்காரரிடம் அளவு கொடுத்துத் தைத்த கோட்டுகளில் பல இப்படித்தான் பெயரில்லாமல் சில பவுண்டுகளுக்குத் தொங்குகின்றன.

உடையின் காலத்தைக் கணிப்பதற்குச் சில அடையாளங்கள் உண்டு. போர்க்காலத்தில் பிரிட்டனில் துணிக்கு ரேஷன் இருந்தபோது, அரசு நிர்ணயித்த தரத்திலும் விலையிலும் செய்யப்பட்ட 'யுடிலிட்டி' உடைகளில் 'சிசி41' என்ற முத்திரை இருக்கும். இரண்டு வட்டங்களில் ஒரு துண்டு வெட்டி எடுத்தது போன்ற இரண்டு 'சி'க்களும் 41 என்ற எண்ணும். 1941இல் தொடங்கிய அந்தத் திட்டம் 1952 வரை நடந்தது. ஆண்களின் கால்சட்டையில் கீழ் மடிப்பு கூடாது, மடிப்புகளுக்கும் பொத்தான்களுக்கும் வரம்பு என்று துணியைச் சிக்கனப்படுத்தும் விதிகளும் போர் ஆண்டுகளில் இருந்தன. ஆனாலும் அந்த உடைகள் நெடுநாள் உழைக்கும்படி செய்யப்பட்டவை. இளைய தன்னார்வலர்கள் பலருக்கு அந்த முத்திரை என்னவென்று தெரிவதில்லை, சேகரிப்பாளர்களோ அதை ஆவலோடு தேடுகிறார்கள். மார்க்ஸ் அண்ட் ஸ்பென்ஸர் 2000ஆம் ஆண்டு வரை 'செயின்ட் மைக்கேல்' என்ற பெயரில் உடைகளை விற்றது. அந்தப் பெயரும் பிரிட்டனில் செய்யப்பட்டது என்ற குறிப்பும் உள்ள பழைய கம்பளிப் பின்னலாடைகளை நான் கண்ணை மூடிக்கொண்டு பரிந்துரைப்பேன். அசல் கம்பளியைக் குறிக்கும் உல்மார்க் சின்னம் 1964இல் வந்தது, எனவே அந்தச் சின்னம் இருக்கும் உடை அதற்கு முந்தையதாக இருக்க முடியாது. உலோகப் பல் வைத்த ஜிப் பொதுவாக 1960களையும் அதற்கு முன்பையும் காட்டும். நைலான் ஜிப் அதற்குப் பிந்தையதைக் காட்டும். ஜிப்பை இடையில் யாராவது மாற்றியிருக்கலாம் என்பதால், ஒரே அடையாளத்தை நம்பாமல் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது ஹாரிஸ் ட்வீட் என்ற தடித்த கம்பளித் துணி. உருண்டையின் மேல் சிலுவை கொண்ட 'ஆர்ப்' முத்திரையும் எண்ணும் பொறித்த சீட்டு உட்புறத்தில் தைக்கப்பட்டிருக்கும். ஸ்காட்லாந்தின் வெளி ஹெப்ரிடீஸ் தீவுகளில் சாயமிட்டு நூற்ற புதுக் கம்பளி நூலைக் கொண்டு, அந்தத் தீவுவாசிகள் தம் வீட்டிலேயே கைத்தறியில் நெய்து, அங்கேயே பதப்படுத்திய துணிக்குத்தான் அந்தப் பெயர் உரியது என்று 1993இல் நாடாளுமன்றச் சட்டமே இயற்றப்பட்டது. காஞ்சிபுரத்தையும் அருப்புக்கோட்டையையும் அறிந்தவர்களுக்கு, வீட்டுத் தறியில் ஒருவர் உட்கார்ந்து நெய்த துணியின் அருமையை நான் விளக்க வேண்டியதில்லை. அத்தகைய கோட்டுகள் கோடைகாலத்தில், யாரும் கம்பளியைத் திரும்பிப் பார்க்காத மே, ஜூன் மாதங்களில், மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன.

நம் நாட்டோடு நேரடித் தொடர்புள்ள இன்னொரு புதையலும் உண்டு. 1970களில் இந்தியாவில் அச்சுக்கட்டையால் அச்சிட்டுத் தைத்த மெல்லிய பருத்தி உடைகள் பெரிய அளவில் பிரிட்டனுக்கு வந்தன. அனோகி, அதினி போன்ற பெயர்கள் உள்ள அக்காலத்து நீண்ட கவுன்களை விண்டேஜ் வியாபாரிகள் இன்று நல்ல விலைக்கு விற்கிறார்கள். சாரிட்டி கடையிலோ அவை 'பழைய பருத்தி உடை' என்று மட்டும் கருதப்பட்டுத் தொங்குவதைப் பார்த்திருக்கிறேன். அமெரிக்காவிலிருந்து வந்த விண்டேஜ் சட்டைகளைப் பார்க்க நேர்ந்தால் மெட்ராஸ் கட்டம் போட்டவற்றையும் விடாதீர்கள். 1960களில் அங்கே 'இந்தியன் மெட்ராஸ்' சட்டைகள், துவைக்கத் துவைக்கச் சாயம் கசிந்து நிறங்கள் ஒன்றோடொன்று கலப்பதையே சிறப்பாகச் சொல்லி விற்கப்பட்டன. நம் நெசவாளர்களின் கையால் ஆன அந்தத் துணி கடல் தாண்டிப் போய், பயன்பட்டு, மென்மையாகிக் கிடைக்கும்போது அதை வாங்குவதில் எனக்கு விலையைத் தாண்டிய மகிழ்ச்சி இருக்கிறது.

கார் பூட் சேல் என்பது வேறு வகை. வண்டியின் பின்புறத்தைத் திறந்துவைத்து வீட்டுக்காரர்களே விற்கும் இடம் என்பதால் அங்கே பேரம் பேசலாம், பேச வேண்டும். சாரிட்டி கடையில் பேரம் பேசுவது எனக்குச் சரியாகத் தோன்றுவதில்லை, ஏனெனில் குறைப்பது நன்கொடையின் ஒரு பகுதியை. சிஸ்விக் பள்ளி வளாகத்தில் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை நடக்கும் விற்பனையும், பேட்டர்சியில் ஞாயிறுதோறும் நடப்பதும் உடைகளுக்கு நல்லவை. பெரும்பாலான விற்பனைகளுக்கு வியாபாரிகள் விடியுமுன்னரே கைவிளக்கோடு வந்து, வண்டியிலிருந்து இறக்கும்போதே வாங்கிவிடுவார்கள். அவர்களோடு போட்டி போட முடியாதவர்கள் கடைசி ஒரு மணி நேரத்தில் போகலாம். விற்காததை மீண்டும் வீட்டுக்குக் கொண்டுபோக யாரும் விரும்புவதில்லை, மூன்று நான்கு உடைகளைச் சேர்த்து ஒரே விலை கேட்டால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள். சில்லறையாகப் பணம் வைத்திருங்கள். கெம்ப்டன் பார்க் குதிரைப் பந்தய மைதானத்தில் மாதம் இருமுறை செவ்வாய்க்கிழமை அதிகாலையில் கூடும் பழம்பொருள் சந்தைக்கு வருபவர்கள் தொழில்முறை வியாபாரிகள்; அங்கே பொருளின் தரம் உயர்ந்தது, ஆனால் விற்பவருக்கு அதன் மதிப்பு தெரியும்.

டிசைனர் கைப்பைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ரசீதோ, விற்பவரைப் பற்றிய நம்பகமான தகவலோ இல்லாமல் கார் பூட் சேலில் அவற்றை வாங்காதீர்கள். போலி ஒரு காரணம். திருட்டு இன்னொரு காரணம். தென் லண்டனின் பெர்மண்ட்சி சந்தை போன்ற சில சந்தைகளில், சூரிய உதயத்துக்கும் அஸ்தமனத்துக்கும் இடையே நல்லெண்ணத்தோடு வாங்கிய பொருள், அது திருட்டுப் பொருளாகவே இருந்தாலும், வாங்கியவருக்கே சொந்தம் என்ற பழைய விதி ஒன்று இருந்தது. அது 1995இன் தொடக்கத்தில் ஒழிக்கப்பட்டுவிட்டது. இன்று திருட்டுப் பை உங்களிடம் இருந்தால் உரியவர் அதைத் திரும்பக் கேட்கலாம், நீங்கள் கொடுத்த பணம் போனதுதான். பட்டு ஸ்கார்ஃபில் இந்த ஆபத்து குறைவு, கண்டுபிடிப்பதும் எளிது. பிரெஞ்சு நிறுவனமான ஹெர்மேஸ் 1937 முதல் செய்துவரும் சதுர ஸ்கார்ஃப் பொதுவாக 90 சென்டிமீட்டர் பக்கம் கொண்டது. அதன் ஓரம் கையால் உருட்டித் தைக்கப்பட்டிருக்கும், உருட்டு துணியின் முன்பக்கத்தை நோக்கி இருக்கும். ஓரம் தட்டையாக இயந்திரத்தில் அடிக்கப்பட்டிருந்தால் கீழே வைத்துவிடுங்கள். துவைப்பு முறை அச்சிட்ட சீட்டைப் பலர் வெட்டி எறிந்துவிடுவார்கள் என்பதால் அது இல்லாததை மட்டும் வைத்துப் போலி என்று முடிவு செய்ய வேண்டாம்.

பணம் கொடுப்பதற்கு முன் உடையை ஜன்னல் அருகே கொண்டுபோய் வெளிச்சத்துக்கு எதிராகப் பிடியுங்கள். அந்துப்பூச்சி அரித்த ஊசிமுனைத் துளைகள் அப்போதுதான் தெரியும். அக்குளில் கறை படிந்து நொறுங்கத் தொடங்கிய பட்டைக் காப்பாற்ற முடியாது. குறிப்பாக 1920களின் பட்டு உடைகளில், எடை கூட்டுவதற்காக உலோக உப்புகளைச் சேர்த்திருப்பார்கள், அது துணியைத் தானாகவே கிழியவைக்கும். அந்துருண்டை வாசம் சில நாள் காற்றோட்டத்தில் போய்விடும், எனவே அதற்காக நல்ல கோட்டை விட வேண்டாம். கம்பளி உடை எதுவானாலும் வீட்டு அலமாரியில் வைப்பதற்கு முன் பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி, மைனஸ் 18 டிகிரி உறைபெட்டியில் இரண்டு வாரம் வைத்தால் பூச்சியும் முட்டையும் அழியும்.

அளவு எண்ணை நம்பாதீர்கள். பழைய 14 இன்றைய 10க்கு நெருக்கமாக இருக்கும். உங்களுக்கு நன்றாகப் பொருந்தும் கோட்டின் தோள், மார்பு, கை நீளத்தை எழுதிவைத்துக்கொண்டு, அளவு நாடாவையும் பையில் வைத்திருங்கள். கை நீளத்தையும் கீழ் ஓரத்தையும் எந்தத் தையல்காரரும் குறைத்துத் தருவார், உள்துணியைக்கூட மாற்றலாம். தோள் பொருந்தாத கோட்டை மட்டும், எவ்வளவு மலிவானாலும், எந்தப் பெயர் இருந்தாலும், திரும்ப மாட்டிவிடுங்கள். அதைப் பிரித்துத் தைக்கும் கூலி பெரும்பாலும் கோட்டின் விலையைவிட அதிகமாகிவிடும்.