அகச்சிவப்பு ஒளியில் நீர் ஏன் கறுக்கவில்லை?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுத்து, ஏறத்தாழ 720 நானோமீற்றருக்கு மேற்பட்ட அலைநீளமுள்ள அகச்சிவப்பை மட்டும் விடும் 720 நானோமீற்றர் வடிகட்டி ஒன்றை வாங்கி, உட்புறம் எதுவும் மாற்றப்படாத தமது டிஜிற்றல் கமெராவில் பொருத்தி, கொழும்பின் பேர வாவியை நண்பகலில் 30 செக்கன் திறப்பு நேரத்தில் எடுத்திருக்கிறார். மரங்கள் வெண்மையாக வந்தனவாம். நீரோ அவர் எதிர்பார்த்த கருமை இல்லாமல் பால் கலந்த சாம்பல் நிறத்தில் இருக்கிறது, கரையோரத்தில் வெள்ளைத் திட்டுகளும் தெரிகின்றன. 850 நானோமீற்றர் வடிகட்டி வாங்கினால் சரியாகுமா என்பது அவருடைய கேள்வி.

இப்போதுள்ள கமெராவுக்கு அதை வாங்க வேண்டாம். நீர் கறுப்பதும் வெளுப்பதும் வடிகட்டியை விட, அந்த நேரத்து வானத்தையும் நீங்கள் நிற்கும் இடத்தையுமே அதிகம் பொறுத்திருக்கின்றன.

நீர்ப்பரப்பிலிருந்து கமெராவை அடையும் ஒளி இரு வகை. ஒன்று, நீருக்குள் புகுந்து அடித்தரையிலோ மிதக்கும் துகள்களிலோ பட்டுத் திரும்புவது; மற்றது, உள்ளே புகாமல் மேற்பரப்பிலேயே தெறித்து வருவது. முதலாவதை நீரே விழுங்கிவிடுகிறது. தூய நீரில் ஒரு மீற்றர் செல்லும் பச்சை ஒளி ஏறத்தாழ 5 சதவீதத்தையே இழக்க, 720 நானோமீற்றர் ஒளி அதே தூரத்தில் மூன்றில் இரண்டு பங்கை இழக்கிறது. 850 நானோமீற்றரில் 20 சென்ரிமீற்றர் கடப்பதற்குள் பாதிக்கு மேல் போய்விடுகிறது. இரண்டாவது வகையை இந்த வடிகட்டிகள் எதுவும் தடுப்பதில்லை. செங்குத்தாகக் கீழே நோக்கும்போது நீர் சுமார் 2 சதவீத ஒளியையே தெறிக்கச் செய்கிறது. பார்வை சாயச் சாய அது ஏறிக்கொண்டே போய், தொலைவில் உள்ள நீர் வானத்தை அப்படியே காட்டும் கண்ணாடியாகிவிடுகிறது.

அந்தக் கண்ணாடியில் எந்த வானம் விழுகிறது என்பதே முக்கியம். காற்று மூலக்கூறுகள் 850 நானோமீற்றர் ஒளியை 450 நானோமீற்றர் நீல ஒளியைப் போல ஏறத்தாழ பன்னிரண்டில் ஒரு பங்கே சிதறடிப்பதால், தெளிந்த நீல வானம் அகச்சிவப்பில் இருண்டு கிடக்கிறது. அதைப் பிரதிபலிக்கும் நீரும் கறுக்கிறது. முகிலின் நீர்த்துளிகளோ எல்லா அலைநீளங்களையும் ஏறத்தாழ ஒரே அளவில் சிதறடிப்பவை. எனவே முகில் வெள்ளையாகவே இருக்கும், அதன் பிம்பம் விழும் நீரும் வெளுக்கும். 30 செக்கனில் அலைகள் வானத்தின் பல பகுதிகளைக் காட்டி ஒன்றாகக் கலந்துவிட, உங்களுக்குக் கிடைத்த பால் நிறம் வருகிறது. மேற்குக் கரையில் தென்மேற்குப் பருவக்காற்று முகில் கொண்டுவரும் மாதங்களை விட, ஜனவரி முதல் மார்ச் வரையான தெளிந்த நாட்கள் இதற்கு மிகவும் ஏற்றவை. காலிமுகத்திடலில் காலையில் நின்றால் சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்க, மேற்கே கடல் கரிய தகடாக விரியும். மாலையில் அதே இடத்தில் சூரியத் தெறிப்பு நேரே வில்லைக்குள் பாயும்.

கரையோர வெள்ளைத் திட்டுகளைக் குறையாகக் கருதாதீர்கள். பச்சையம் சிவப்பு ஒளியை உறிஞ்சும். சுமார் 700 நானோமீற்றரைத் தாண்டியதும் அந்த உறிஞ்சல் அநேகமாக நின்றுவிட, இலையின் உட்கட்டமைப்பு ஒளியை வெளியே சிதறடிக்கிறது. பேர வாவியில் மிதந்து ஒதுங்கும் பாசிப்படலமும் இதே காரணத்தால் வெளுக்கும். அதே பாசி நீருக்குள் ஒரு சாண் அமிழ்ந்திருந்தால் பெரிதும் மங்கிவிடும். மேலே மிதப்பது எது, உள்ளே கிடப்பது எது என்று ஒரே படத்தில் பிரித்தறிய முடிவது அழகான விடயம். மழைக்குப் பின் களனி ஆறு முழுக் கருமை அடையாததற்குக் காரணம் வேறு: மேற்பரப்பை ஒட்டிய மண் துகள்கள், நீர் உறிஞ்சுவதற்கு முன்பே ஒளியைத் திருப்பிவிடுகின்றன.

மாற்றப்படாத கமெராவின் உணரிக்கு முன்னால் அகச்சிவப்பைத் தடுக்கும் கண்ணாடி ஒன்று உண்டு. அதைக் கடந்து கசிவது பெரும்பாலும் 700க்குச் சற்று மேற்பட்ட ஒளிதான். ஆகவே 850 வடிகட்டி போட்டால் படம் எடுக்கப் போதிய ஒளியே மிஞ்சாது. அந்தக் கண்ணாடியை அகற்றி மாற்றியமைத்த கமெராவில்தான் 850 பயன் தரும்: ஆழமற்ற ஓரங்களில் அடித்தரை மறையும், திறப்பு நேரம் செக்கனின் சிறு பின்னமாகக் குறைந்து சிற்றலைகளும் கூர்மையாகப் பதியும். தெறிப்பைக் குறைக்க, ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் முனைவாக்க வடிகட்டி (polariser) வாங்குவதும் நல்ல யோசனை அல்ல. சாதாரண வகைகள் பல இந்த அலைநீளங்களில் திறன் இழந்துவிடுகின்றன.

இருக்கும் கருவியோடு மறுபடி செல்லும்போது முக்காலியை உயரமான கரையிலோ பாலத்திலோ நிறுத்தி, கமெராவை நன்றாகக் கீழ்நோக்கிச் சாய்த்து, அருகிலுள்ள நீர் சட்டத்தை நிரப்பும்படி வையுங்கள். வில்லையின் ஒளித்துவாரத்தை எஃப்/8 அளவை விடச் சிறிதாகச் சுருக்காதீர்கள். சில வில்லைகளில் சுருக்கச் சுருக்க நடுவில் வெளிறிய வட்டம் தோன்றும். அகச்சிவப்பின் குவியம் சற்று விலகியிருப்பதால் வடிகட்டி பொருத்திய நிலையிலேயே திரையைப் பெருக்கிப் பார்த்துக் குவியுங்கள். கமெரா பதப்படுத்தாத ரோ (RAW) கோப்பாக எடுத்து, வெயில் படும் புல் நிறச்சாயல் இன்றித் தெரியும்படி வெண்சமநிலையை (white balance) அமைத்த பிறகு கறுப்பு வெள்ளைக்கு மாற்றினால் சிவப்புச் சாயை நீங்கும்.