பதில்: பொறியியல் பட்டத்தோடு மெய்யியலில் முனைவர் படிப்பு

வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதியிருக்கிறீர்கள். நானும் அந்த வட்டாரத் தோட்டமொன்றில் வளர்ந்தவன். பொறியியல் இளங்கலைப் பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு அமெரிக்காவில் மெய்யியல் முனைவர் படிப்புக்கு விண்ணப்பிக்கலாமா, அங்கே வகுப்புகளும் உண்டா என்று கேட்டிருந்தீர்கள்.

விண்ணப்பிக்கலாம். அங்குள்ள பெரும்பாலான துறைகள் முதுகலையைக் கட்டாயமாக்குவதில்லை. ஆனால், தேர்வுக்குழு மிகக் கூர்ந்து படிப்பது ஏறத்தாழ 15 முதல் 20 பக்கம் வரை நீங்களே எழுதி விண்ணப்பத்தோடு அனுப்பும் மாதிரிக் கட்டுரையைத்தான். என் முதல் வரைவு 40 பக்கத்தைத் தாண்டியது; மெய்யியலாளர்கள் காண்டையும் ஹியூமையும் சுருக்கிச் சொல்லியிருந்த முதல் 11 பக்கங்களின் குறுக்கே என் ஆசிரியர் சிவப்பு மையால் கோடிழுத்து, ஓரத்தில் ‘உங்கள் வாதம் எங்கே?’ என்று எழுதித் தந்தார். ஒவ்வொரு பத்தியையும் எழுதி முடித்ததும் அதே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்.

பொதுவாக மூன்று பரிந்துரைக் கடிதங்கள் வேண்டும். உங்களுக்கு மெய்யியல் கற்பித்தவர்கள் எழுதினால்தான் அவற்றுக்கு எடை உண்டு என்பதால், முதலில் மெய்யியலில் முதுகலை படித்துவிடுங்கள் என்றே உறுதியாகச் சொல்வேன்.

மலேசியாவில் ஆய்வுவழி முனைவர் படிப்புக்குக் கிரெடிட் (வகுப்புப் பாடங்களுக்கான மதிப்பலகு) கணக்கு கிடையாது. அமெரிக்காவிலோ முதல் இரண்டு, மூன்று ஆண்டுகள் வகுப்புகளிலேயே கழியும். குறியீட்டுத் தருக்கம், பண்டைய மெய்யியல், நவீன மெய்யியல், அறவியல், அறிவாய்வியல் (அறிவு என்றால் என்ன என்று ஆராயும் பிரிவு) எனப் பல பிரிவுகளிலும் தேறிய பிறகே ஆய்வேட்டுத் திட்டத்தை ஏற்பார்கள். தருக்கத்தில் உங்கள் கணிதப் பயிற்சி கைகொடுக்கும். விண்ணப்ப இறுதி நாள் பெரும்பாலும் டிசம்பரிலோ ஜனவரியிலோ வரும். கடிதம் தருபவர்களிடம் செப்டம்பரிலேயே கேட்டுவிடுங்கள்.